ஐயமும் விடையும்: இரண்டு, இரட்டை, இணை, சோடி

'இரட்டை' என்ற சொல்லையும் அதன் உறவுச் சொற்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை சேர்ந்து வந்துவிட்டன. பல கடிதங்களில் இருந்த ஒரே கேள்வியை ஒன்றாக்கியிருக்கிறோம்.

'இரட்டை' என்பது 'இரண்டு' என்பதன் பேச்சுத் திரிபா, தனிச்சொல்லா? எப்படிப் பிறந்தது?

பேச்சுத் திரிபு அல்ல. இலக்கண முறைப்படி இரண்டு படிகளில் பிறந்த சொல்.

'இரண்டு' மென்தொடர்க் குற்றியலுகரம். ஈற்று 'டு'வுக்கு முன்னால் 'ண்' என்ற மெல்லினம் நிற்கிறது. இப்படிப்பட்ட சொற்களில் சில, வேறொரு சொல்லோடு சேரும்போது அந்த மெல்லினத்தைத் தன் இன வல்லினமாக மாற்றிக்கொள்ளும். இரும்பு + பாதை = இருப்புப்பாதை. குரங்கு + மனம் = குரக்குமனம். மருந்து + பை = மருத்துப்பை. இதே வழியில் 'இரண்டு' 'இரட்டு' ஆகிறது. இது முதல் படி.

இரண்டாவது படியில் இறுதியில் ஓர் 'ஐ' சேர்கிறது: இரட்டு + ஐ = இரட்டை. 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் இந்த மாற்றத்துக்கு 'ஐயீற்றுடைக் குற்றுகரமும் உளவே' என்று ஒரு வரியில் இடம் ஒதுக்குகிறது. இதே அச்சில் வார்த்த சொற்கள் இன்னும் சில உண்டு. அன்று - அற்றை, இன்று - இற்றை, ஒன்று - ஒற்றை. பாரி மகளிர் பாட்டின் 'அற்றைத் திங்கள்', 'இற்றைத் திங்கள்' நினைவிருக்கும். 'பண்டை' இந்தக் கூட்டத்தில் சற்று விலகியது: 'ஐ' சேர்ந்தது, மெல்லினம் மட்டும் மாறவில்லை. எண்களைப் பொறுத்தவரை இந்த வாய்ப்பு ஒன்றுக்கும் இரண்டுக்கும்தான் வாய்த்தது. 'மூன்று' அதே மென்தொடர்தான் என்றாலும் 'மூற்றை' என்றொரு சொல் தமிழில் இல்லை. தனித்திருப்பதற்கும் இணைந்திருப்பதற்கும் சொல் தேவைப்பட்ட அளவுக்கு மூன்றாக இருப்பதற்குத் தேவைப்படவில்லை போலும்.

'இரட்டு' வினையாகவும் வாழ்ந்தது, அதுவும் இரண்டு பொருளில். ஒன்று, இரு மடங்காதல். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் 'இரட்டும்' என்கிறது இலக்கணம் (கண் + இல்லை = கண்ணில்லை). மற்றொன்று, மாறி மாறி ஒலித்தல். திருமுருகாற்றுப்படை யானையைச் சொல்லும்போது 'படுமணி இரட்டும் மருங்கின்' என்கிறது. யானையின் இரு பக்கமும் தொங்கும் மணிகள் நடைக்கு ஏற்ப ஒன்று மாற்றி ஒன்று ஒலிக்கும். அந்த மாற்றொலிதான் இரட்டல்.

எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. 'இரண்டு' என்பதன்பின் வல்லினம் மிகாது: இரண்டு கிளி, இரண்டு பின்னல். 'இரட்டை' என்பதன்பின் மிகும்: இரட்டைக் கிளி, இரட்டைச் சுழி, இரட்டைத் தாழ்ப்பாள், இரட்டைப் பின்னல். 'இரட்டை குழந்தைகள்' என்று ஒற்றில்லாமல் அச்சாவதை வாரந்தோறும் பார்க்கிறோம்.

'ராமன்' தமிழில் 'இராமன்' ஆவதுபோல, 'ரெண்டு' என்ற சொல்லுக்கு முன்னால் இகரம் ஒட்டவைத்துத்தான் 'இரண்டு' ஆக்கினார்களா?

நேர்மாறு. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் வெளியிலிருந்து வரும் ராமன், ராசா போன்ற சொற்களுக்கு இகரம் துணையாகச் சேர்கிறது. 'இரண்டு' என்பதிலுள்ள இகரமோ வேரிலேயே இருப்பது. இருபது, இருவர், ஈராண்டு என்று அதன் வடிவங்கள் எல்லாவற்றிலும் இ அல்லது ஈ நிற்பதே முதல் சான்று.

உறவு மொழிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. தெலுங்கில் இரண்டு 'ரெண்டு'தான். ஆனால் இருபது 'இரவை', இரண்டு பேர் 'இத்தரு'. மலையாளத்தில் 'ரண்டு', ஆனால் 'இருபது'. கன்னடத்தில் 'எரடு', ஆனால் இருபது 'இப்பத்து', இருநூறு 'இன்னூறு'. பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகுயியில்கூட இரண்டுக்கு 'இரட்' என்கிறார்கள். தனித்து நிற்கும்போது முதல் உயிரை இழந்த மொழிகளும் கூட்டுச்சொல்லில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நம் பேச்சுத் தமிழின் 'ரெண்டு', 'ரெட்டை' இரண்டும் அப்படி உயிரை உதிர்த்த வடிவங்களே.

இழுத்துப் பிளத்தலைக் குறிக்கும் 'ஈர்' என்ற வினையிலிருந்துதான் எண்ணைக் குறிக்கும் 'ஈர்', 'இரண்டு' வந்தன என்றும் சொல்வதுண்டு. ஒன்றை ஈர்ந்தால் இரண்டாகும் என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஒலி ஒப்புமையும் பொருள் ஒப்புமையும் தவிர அதற்கு வேறு வலு இல்லை. உறுதி என்று எழுதாதிருப்பதே நல்லது.

இரண்டு, இரட்டை, இணை, துணை, சோடி: எல்லாம் ஒரே பொருள்தானே? மொழிபெயர்க்கும்போது எதை எங்கே போடுவது?

ஒரே பொருள் இல்லை. இங்கே நடக்கும் குழப்பமே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பங்கு.

'இரண்டு' வெறுமனே எண்ணும். இரண்டு வாழைப்பழம் என்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு. 'இரட்டை' அந்த இரண்டையும் ஒரு பொருளாக்கும். இரட்டை வாழைப்பழம் என்றால் ஒட்டிப் பிறந்தது, ஒரே பழம்போல உரிக்கவேண்டியது. இரண்டு சங்கிலி இரு நகை. இரட்டைவடச் சங்கிலி ஒரே நகை. இரட்டை மாட்டு வண்டி ஒரு வண்டிதான்.

இதன் மறுபக்கம் 'ஒற்றை'. அது வெறும் ஒன்று அல்ல. இணையை இழந்த அல்லது இணை இல்லாத ஒன்று. 'ஒரு செருப்பு' என்றால் எண்ணிக்கை. 'ஒற்றைச் செருப்பு' என்றதும் மற்றது எங்கே என்று கேட்கத் தோன்றும். 'ஒரு கையால் தூக்கினான்', 'ஒற்றைக் கையால் தூக்கினான்' இரண்டையும் ஒப்பிட்டால் இது விளங்கும்.

'இணை' சமமானவற்றுக்கு. இணைகோடு, இணைகரம், ஈடு இணை, இணையற்ற என்று எங்கும் சமன் என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. 'துணை'யில் அந்தச் சமன் கட்டாயமில்லை. ஒன்று முதன்மை, மற்றது உடன்நிற்பது. துணைவேந்தர், துணைவினை, துணைக்கால். 'இணைப் பேராசிரியர்', 'துணைப் பேராசிரியர்' என்ற பதவிப் பெயர்களை மாற்றி எழுதக் கூடாததும் இதனால்தான்.

'சோடி' அல்லது 'ஜோடி' வடக்கிலிருந்து வந்த சொல். சேர்த்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. பொருத்தம்தான் அதன் உயிர். வலது செருப்பும் இடது செருப்பும் ஒன்றுபோல இருப்பதில்லை, ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தும், எனவே சோடி. உழவு மாடுகள் ஒரே தாய்க்குப் பிறக்கவில்லை, நடையும் உயரமும் ஒத்துவந்தால் சோடி. இதன் உடன்பிறப்பான 'ஜோடு' நாளடைவில் செருப்புக்கே பெயராகிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் விழும் குழி ஒன்று. கத்தரிக்கோல், இடுக்கி, மூக்குக்கண்ணாடி, கால்சட்டை ஆகியவற்றை ஆங்கிலம் சோடியாக எண்ணும், தமிழ் எண்ணாது. 'ஒரு ஜோடி கத்தரிக்கோல்' என்று எழுதினால் வாசகர் இரண்டு கத்தரிக்கோல் எடுத்து வைப்பார். 'ஒரு கத்தரிக்கோல்' போதும். செருப்பு, காலுறை, கையுறை, கம்மல் ஆகியவற்றுக்குச் சோடி சரி. உடலுறுப்பில் தமிழ் இன்னும் சிக்கனமானது. 'கண் சிவந்துவிட்டது', 'கை கழுவு' என்றால் இரண்டையும் சேர்த்துத்தான். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும் என்றால்தான் 'ஒரு கண்', 'வலது கை' என்று விளக்குவோம்.

'அவருக்கு 2 இரட்டைக் குழந்தைகள்' என்று செய்தியில் படித்தேன். மொத்தம் எத்தனை?

எழுதியவருக்கே தெரிந்திருக்கும். 'இரட்டைக் குழந்தைகள்' என்றாலே இருவர். அதன் முன்னால் 2 தேவையில்லை. நால்வர் என்றால் 'இரண்டு பிரசவத்திலும் இரட்டையர், ஆக நான்கு குழந்தைகள்' என்று உடைத்து எழுதவேண்டும். இருவரில் ஒருவரைச் சொல்ல 'இரட்டையரில் ஒருவர்'. மருத்துவக் கட்டுரையில் ஒரு கரு இரட்டையரையும் இரு கரு இரட்டையரையும் கலக்காதீர்கள். முன்னது ஒரே கரு இரண்டாகப் பிரிந்தது. பின்னது இரண்டு கருமுட்டை தனித்தனியே கருவுற்றது. 'உருவம் ஒத்த', 'உருவம் ஒவ்வாத' என்ற அடைமொழிகள் தோற்றத்தை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லா.

'இரு' எங்கே, 'ஈர்' எங்கே? 'இரு அணிகள்' தவறா?

வரும் சொல் மெய்யெழுத்தில் தொடங்கினால் இரு: இருகரை, இருவாரம், இருமொழி. உயிரெழுத்தில் தொடங்கினால் ஈர்: ஈராண்டு, ஈரெழுத்து, ஈருடல். ஒரு, ஓர் என்பவற்றின் முறையேதான். எனவே மரபுப்படி 'ஈரணிகள்'. அது விளையாட்டுச் செய்திக்கு விறைப்பாகத் தோன்றினால் 'இரண்டு அணிகள்' என்று எழுதிவிடுங்கள். முழு வடிவம் எந்த எழுத்துக்கு முன்னும் பிழையாகாது. 'இரு அணிகள்' இரண்டிலும் சேராதது.

எண்ணுப்பெயர்களில் இருபது, இருநூறு என்பவை குறுகின. ஆயிரத்தில் வழக்கு 'இரண்டாயிரம்' என்று நின்றுவிட்டது, 'ஈராயிரம்' செய்யுளுக்கும் அணிநடைக்கும் போயிற்று. உயர்திணைக்கு 'இருவர்' உண்டு என்பதை மறக்கவேண்டாம். 'இரண்டு ஆசிரியர்கள்' என்பதைவிட 'ஆசிரியர் இருவர்' செறிவு.

புறநானூற்றில் 'இரு முந்நீர்' என்று வருகிறதே, இரண்டு மூன்று ஆறு நீரா?

அந்த 'இரு' எண் இல்லை. 'பெரிய' என்ற பொருளுள்ள வேறொரு 'இரு'. முந்நீர் என்றால் கடல். 'இரு முந்நீர்க் குட்டமும்' என்பது பெருங்கடலின் ஆழத்தை. கருமை என்ற பொருளிலும் இந்த 'இரு' வரும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அடுத்து வல்லினம் வரும்போது பாருங்கள். பெருமைப் பொருளுள்ள 'இரு' பெரும்பாலும் இடையே மெல்லினத்தை வரவழைக்கும்: இருங்கடல், இருஞ்சேறு, இருந்தமிழ், இரும்பொறை. எண்ணான 'இரு' எதையும் வரவழைக்காது: இருகடல், இருசுடர், இருதலை, இருபுறம். ஆகவே இருங்கடல் பெருங்கடல், இருகடல் இரண்டு கடல். வல்லினம் அல்லாத எழுத்து வந்தால் இந்தச் சோதனை உதவாது. இருநிலம், இருவிசும்பு போன்ற இடங்களில் சூழல்தான் தீர்ப்புச் சொல்லும். வானம் ஒன்றுதானே என்ற பொது அறிவும் கூட.

இரட்டைக்கிளவியையும் அடுக்குத்தொடரையும் மாணவர்கள் எப்போதும் மாற்றி எழுதுகிறார்கள். ஐயமறப் பிரிக்க வழி என்ன? 'புலி கிலி' எதில் சேரும்?

தொல்காப்பியம் ஒரே வரியில் வரையறுத்துவிட்டது: 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்து இசையா.' இரட்டையாக இருக்கும் நிலையிலிருந்து பிரிந்தால் அது ஒலிக்காது, அதாவது பொருள் தராது.

பள்ளியில் இதைப் 'பிரித்தால் பொருள் தராதது' என்று சுருக்கிச் சொல்வதால்தான் சிக்கல். 'படபட' என்பதைப் பிரித்தால் 'பட' வருகிறது. 'கண்ணில் பட' என்று அதற்குப் பொருள் உண்டே என்று சுட்டியான மாணவர் கேட்பார். 'கடகட' என்பதிலும் 'கட' உண்டு. பிரித்தால் *அந்தப்* பொருள் தருகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. 'பட' என்ற தனிச்சொல்லில் நெஞ்சு துடிக்கும் பதற்றம் இல்லை. 'கட'வில் வண்டிச் சத்தம் இல்லை. எனவே இரண்டும் இரட்டைக்கிளவி. 'பாம்பு பாம்பு' என்பதைப் பிரித்தாலும் அதே பாம்புதான். கத்தியவரின் அச்சம் மட்டும் குறைகிறது. அது அடுக்குத்தொடர்.

அடுத்து எண்ணிக்கை. அடுக்குத்தொடர் இரண்டு முதல் நான்கு முறை வரை அடுக்கும் என்று நன்னூல் எல்லை வகுக்கிறது: வா வா, தீ தீ தீ. இரட்டைக்கிளவி இரண்டு முறைதான். பிறகு வேலை. அடுக்குத்தொடர் விரைவு, அச்சம், மகிழ்ச்சி, வெகுளி என்று பேசுவோரின் நிலையைக் காட்டும். இரட்டைக்கிளவி ஒலியையோ அசைவையோ தோற்றத்தையோ காட்டும்: சலசல, குடுகுடு, பளபள. கடைசியாக எழுத்துமுறை. இரட்டைக்கிளவியை ஒட்டி எழுதுவோம், அடுக்குத்தொடரை இடைவெளி விட்டு எழுதுவோம். ஆனால் இதையே சோதனையாக வைக்காதீர்கள். வினாத்தாள் அச்சிட்டவர் இடைவெளியைத் தவறவிட்டிருக்கலாம்.

இரண்டிலும் இடையே வல்லினம் மிகாது. 'தீத் தீ' இல்லை, 'தீ தீ'. ஆனால் 'பச்சைப்பசேல்' என்பதில் மிகுகிறதே என்றால், அது இந்த இரண்டும் அல்ல, செறியிணைச் சொல். 'வெள்ளைவெளேர்' என்பதன் கூட்டாளி. 'மேடு பள்ளம்' போன்றவை எதிரிணை, 'பேரும் புகழும்' போன்றவை நேரிணை. 'என' சேரும்போது இரட்டைக்கிளவி வகர உடம்படுமெய் பெறும்: சலசலவென.

'புலி கிலி' எதிரொலிச் சொல். செய்முறை எளிது. முதலெழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ', மீதி அப்படியே: பணம் கிணம், வீடு கீடு, சோறு கீறு. பொருள் 'அதுபோன்றவை'. சில இடங்களில் ஏளனமும் சேரும். 'கிழங்கு' போல ஏற்கெனவே 'கி'யில் தொடங்கும் சொல்லுக்கு இந்த வழி செல்லாது. 'கிழங்கு கிழங்கு' என்றாகி அடுக்குத்தொடர் ஆகிவிடும்.

'கே'யில் இருப்பது இரட்டைக்கொம்பு, 'கை'யில் இருப்பது இணைக்கொம்பு. இரட்டைக்கும் இணைக்கும் இங்கே என்ன வேறுபாடு?

பெயரிட்டவர் பார்த்துத்தான் இட்டிருக்கிறார். 'கே'யின் கொம்பு ஒன்றுதான், அதன் சுழி இரட்டை. 'கை'யின் குறியோ பழைய எழுத்தில் இரண்டு ஒற்றைக்கொம்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. மலையாள எழுத்தில் இன்றும் அப்படியே காணலாம். சமமான இரண்டு சேர்ந்ததால் இணைக்கொம்பு.

இரட்டைக்கொம்பு வயதில் இளையது. முன்பு எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும் மேலே புள்ளி வைத்து நெடிலிலிருந்து பிரித்தார்கள். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று பலர் விட்டுவிட்டதால் 'கெ', 'கே' இரண்டும் ஒன்றுபோலவே நின்றன. படிப்பவர் சூழலைக் கொண்டு ஊகிக்கவேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குச் சுழியை இரட்டித்து வேறுபடுத்திய பெருமையை வீரமாமுனிவருக்குத் தருவது வழக்கம். இணைக்கொம்பின் கதை 1978 வரை நீள்கிறது. ணை, லை, ளை, னை நான்குக்கும் அதுவரை யானைத் துதிக்கைபோல ஒரு தனிக்கொம்பு இருந்தது. தமிழக அரசின் அந்த ஆண்டுச் சீர்திருத்தத்தில் அவையும் இணைக்கொம்புக்கு மாறின.

யாப்பில் 'இரட்டைத் தொடை' என்று படித்தேன். எடுத்துக்காட்டில் ஒரே சொல் நான்கு முறை வருகிறது. இரட்டை எப்படி நான்காயிற்று?

'அடிமுழுதும் வந்த மொழியே வருவது இரட்டை' என்பது யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகை. அடி முழுவதும் வந்த சொல்லே மீண்டும் வரவேண்டும். நாற்சீர் அடியானால் நான்கு முறை. காரிகை உரை காட்டும் 'ஒக்குமே ஒக்குமே ஒக்குமே ஒக்கும்' அப்படிப்பட்டது. இங்கே இரட்டை என்பது எண்ணிக்கை அல்ல, மீண்டும் வருதல். இரட்டைமணிமாலையில்தான் உண்மையான இரண்டு: வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி அந்தாதியாக 20 பாட்டு. காரைக்கால் அம்மையாரின் திருவிரட்டை மணிமாலை இதற்கு முதல்வரிசை எடுத்துக்காட்டு.

'விலை இரு மடங்கு அதிகரித்தது' என்றால் 100 ரூபாய்ப் பொருள் எவ்வளவு ஆகும்?

எழுதியவர் மனத்தில் 200. கணக்காகப் படிப்பவர் மனத்தில் 300. 'இரு மடங்கு ஆனது' என்றால் 200 மட்டுமே. 'இரட்டிப்பானது' என்றாலும் 200 மட்டுமே. 'அதிகரித்தது' என்ற வினை வந்ததும், 100க்கு மேல் 200 கூடியதா என்ற ஐயம் நுழைகிறது. ஆகவே மடங்கோடு 'ஆனது' எழுதுங்கள், சதவீதத்தோடு 'உயர்ந்தது' எழுதுங்கள். 100 சதவீதம் உயர்ந்தது என்றால் இரட்டிப்பானது. 'இரு மடங்கு குறைந்தது' என்பதைக் கண்டால் அடித்துவிட்டுப் 'பாதியானது' என்று மாற்றுங்கள்.

மடங்கு என்பது மடங்குதல்தான், மடிப்பு. ஆனால் அது மடித்த தடவையை எண்ணுவதில்லை, கிடைத்த அடுக்கை எண்ணுகிறது. துணியை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, இருமுறை மடித்தால் நான்கு, மும்முறை மடித்தால் எட்டு. இதையும் 'இருபடி'யையும் குழப்பக்கூடாது. 5-இன் இரு மடங்கு 10, 5-இன் இருபடி 25.

கூட்டு வட்டியில் பணம் எப்போது இரட்டிக்கும் என்றும் இதே கடிதத்தில் கேட்டிருந்தார்கள். 72-ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் தோராய விடை கிடைக்கும். 8 சதவீதத்துக்கு 9 ஆண்டு, 6 சதவீதத்துக்கு 12 ஆண்டு. தனிவட்டிக்கு இது பொருந்தாது. அங்கே 100-ஐ வகுக்கவேண்டும்.

அறிவியல் கலைச்சொற்களில் இரும, இருபடி, ஈருறுப்பு, இரட்டை என்று பலவாறு வருகிறதே, ஒன்றாக்கக் கூடாதா?

ஒன்றாக்கினால் இழப்பு நமக்குத்தான். 'இரும எண்முறை' இரண்டை அடியாகக் கொண்டது. 'இருபடிச் சமன்பாடு' அடுக்கு இரண்டு. 'ஈருறுப்புக் கோவை' உறுப்பு இரண்டு. 'இரட்டைப் பிணைப்பு' என்பதில் அதே இரு அணுக்களுக்கிடையே பிணைப்பு இரண்டாகி ஒன்றாக நிற்கிறது. 'இரு பிணைப்பு' என்றால் தனித்தனிப் பிணைப்புகள் இரண்டு என்று பொருள் மாறிவிடும். அரசியலில் 'இரட்டை ஆட்சி' இதே நயம் உடையது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண அரசின் துறைகளை ஒதுக்கப்பட்டவை, மாற்றப்பட்டவை என்று பிரித்து, முன்னதை ஆளுநரிடமும் பின்னதை அமைச்சர்களிடமும் கொடுத்தது. ஆட்சி ஒன்று, கைகள் இரண்டு.

'ஈர்' என்பதை மிகத் துணிவாகக் கையாண்டவர்கள் இலங்கைப் பாடநூலார். காபன் + ஈர் + ஒட்சைட்டு = காபனீரொட்சைட்டு. ஒரு சொல்லுக்குள் அணு எண்ணிக்கையும் புணர்ச்சி விதியும் சேர்ந்து அமர்ந்திருக்கின்றன. நீரிலும் நிலத்திலும் வாழ்பவற்றுக்கு அவர்கள் சொல் 'ஈரூடகவாழி'; தமிழகத்தில் 'இருவாழ்வி'. நம் தேர்வு முன்னதுதான், இரண்டு எவை என்று அது சொல்கிறது.

சிலேடையை 'இரட்டுற மொழிதல்' என்கிறோம். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் போதுமா?

அது ஒரு வகை, செம்மொழிச் சிலேடை. சொல் பிரியாமலே இரு பொருள் தரும். வெட்டும் இடத்தை மாற்றினால் மறுபொருள் வருவது பிரிமொழிச் சிலேடை. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்த பாட்டில் இரண்டும் உண்டு. 'ஆடிக் குடத்தடையும்': பாம்பு ஆடிக் குடத்துக்குள் அடையும், எள் செக்கில் ஆடி எண்ணெயாகக் குடத்தை அடையும். இங்கே எதையும் பிரிக்கவில்லை. 'பாரிற் பிண்ணாக்கும் உண்டாம்' என்ற இடத்தில்தான் வெட்டு. எள்ளுக்கு அது எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு. பாம்புக்கு அதே சொல் பிள் + நாக்கு, பிளந்த நாக்கு. ளகரமும் நகரமும் புணர்ந்து 'ண்ண' ஆகும் விதி தெரியாமல் இந்தச் சிலேடையைக் கட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. புதிதாகச் சிலேடை எழுத முயல்வோர் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: ஒரு பொருளுக்குப் புணர்ச்சி சரியாக அமையும், மற்றதற்கு ஒற்று மிகும்.

விவிலியத்தில் 'இரட்டுடுத்தி' என்று வருகிறது. அது என்ன உடை?

இரட்டு என்பது இரட்டை இழை போட்டு நெய்த முரட்டுத் துணி. துக்கத்துக்கும் மனந்திரும்புதலுக்கும் அணிந்த சொரசொரப்பான உடைக்குப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'சாக்கு உடை' என்று இருக்கும். 'இரண்டு உடை உடுத்தி' என்று விளக்குவது தவறு.

துபாஷி, துப்பட்டா இரண்டிலும் உள்ள 'து' இரண்டைக் குறிக்கிறதா?

ஆம். இரண்டு என்ற பொருளுள்ள வடமொழி 'த்வி', இந்தி 'தோ' வழியே வந்தது. துபாஷி இரு மொழி அறிந்த இடையாள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) 1736 முதல் எழுதிய நாட்குறிப்பால் அந்தப் பதவியின் பெயர் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. துப்பட்டா இரண்டு அகலத் துணி. துவாதசி, துவிதியை, துவைதம் எல்லாம் இதே வேர். தமிழ் 'இரு'வுக்கும் இந்த வேருக்கும் உறவு கிடையாது.

'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்பதில் இரண்டகம் என்பது துரோகமா, இரட்டை வேடமா?

துரோகம். இரண்டு + அகம், இரண்டுபட்ட உள்ளம். இரட்டை வேடம் ஊருக்குக் காட்டுவது, இரண்டகம் உள்ளே இருப்பது. பேச்சில் 'ரெண்டகம்' என்பார்கள். எழுத்தில் 'ரண்டகம்' என்று வெட்டவேண்டாம். 'இரண்டகம் செய்தான்', 'இரண்டகம் நினைத்தான்' இரண்டும் வழக்கு.